கலலாவ் பாதைக்குப் போகும் முன்

அன்புள்ள பிரபாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்கும்போது அவளே சொல்வாள்.

நீ அனுப்பிய அனுமதிச் சீட்டின் நகல் வந்தது. "ஏதாவது ஆனால் வீட்டில் ஒருத்தரிடம் இருக்கட்டும்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அப்படி எழுதி அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனையும் எடுக்காமல் இருந்தால் இங்கே இரண்டு பேர் எப்படித் தூங்குவது? இருக்கட்டும், வேலை இருந்திருக்கும். அதற்கு முந்தின வாரமும் வீடியோ போடவில்லை. வீடு ஒழுங்காக இல்லை என்றாய். நாங்கள் பார்க்காத வீடா அம்மா?

நீ நடக்கப் போகிற கலலாவ் பாதையை, ஹவாயில் கவாய் தீவின் கரையோரம் போகிற அந்த மலைப்பாதையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். ஒரு பக்கம் மட்டுமே 11 மைல், கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். போன வழியேதான் திரும்ப வேண்டும். 1800களின் கடைசியில் வெட்டிய பாதை, 1930களில் சில பகுதிகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மலைச்சரிவில் பாதை வெட்டுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும், கட்டியவர்களுக்கு ஒரு கும்பிடு. ஏழாவது மைலைத் தாண்டினால் வருகிற பாறை விளிம்பைப் படத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் நேரே கீழே கடல். நீ உயரத்துக்குப் பயப்படுகிறவள் இல்லை. குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, உன்னை இறக்க வந்த வாட்ச்மேனை நீதான் கைபிடித்து இறக்கினாய். அதை இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அந்த இடத்தில் முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் என்றால்தான் சரி.

பாறையைவிட எனக்குத் தண்ணீர்தான் பயம். சர்வீஸ் முழுக்க மழைமானியைப் பார்த்துக் காலம் தள்ளியவன் சொல்கிறேன், கேள். கவாய் தீவின் நடுவில் இருக்கிற வாயலேயலே மலையில் வருஷத்துக்கு 9,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில் வடகரையில் வைபா என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குலம் பதிவாகியிருக்கிறது. 1,262 மில்லிமீட்டர். அச்சுப் பிழை என்று நினைத்து வேறு இடங்களிலும் தேடிப் பார்த்தேன், பிழை இல்லை. அமெரிக்காவிலேயே அதுதான் சாதனை. நான் பார்த்த எந்த அணைப் பதிவேட்டிலும் இப்படி ஓர் எண் கிடையாது. சாலையும் பாதையும் சேதமாகி, 2019 ஜூனில்தான் மறுபடி திறந்தார்கள்.

பாதையில் நீ கடக்க வேண்டிய ஓடைகளுக்கு நீர்ப்பிடிப்புப் பரப்பு சிறியது, சரிவு செங்குத்து. மேலே பெய்தது கீழே வர அதிக நேரம் ஆகாது. நீ நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஓடை ஏறிக்கொண்டிருக்கும். அதே பாதையில் வருகிற ஹனகாபியாய் ஓடையில் 2014 ஏப்ரலில் நூறு பேருக்கு மேல் அக்கரையில் மாட்டிக்கொண்டு, அவர்களை மீட்க வேண்டி வந்தது. தண்ணீர் கலங்கினால் இறங்காதே. சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வந்தால் இறங்காதே. முழங்காலுக்கு மேல் இழுப்பாக ஓடினால் இறங்கவே இறங்காதே. ஏறுகிற வேகத்தில் வடியவும் செய்யும் ஓடை அது. கரையிலேயே உட்கார்ந்திரு. விமானம் போனால் போகட்டும், டிக்கெட் காசு நான் தருகிறேன். கடந்தே ஆக வேண்டும் என்றால் முதுகுப்பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். அதையும் தனியாகச் செய்ய முடியாது, கவனித்தாயா?

ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே. எலிக்காய்ச்சல் கிருமி அங்கே உண்டு. காலில் கீறல் இருந்தால் குட்டையில் இறங்காதே. திரும்பி வந்து நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த ஓடையில் இறங்கினாய் என்பதை டாக்டரிடம் முதலில் சொல். ஹனகாபியாய் கடற்கரையில் மூழ்கிப் போனவர்களைக் கோடு கோடாகக் கீறி எண்ணி வைத்த ஒரு பலகையின் படம் பார்த்தேன். அங்கே உயிர்காப்பாளர்கள் கிடையாது. நீ மாவட்ட அளவில் நீந்தி மெடல் வாங்கியவள்தான். அது நீச்சல் குளம்.

சீட்டில் மூன்று இரவுக்கு 105 டாலர் என்று போட்டிருக்கிறது. வெளி மாநிலத்தவருக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 35 டாலர் என்பது அவர்கள் விதி. வகுத்துப் பார்த்தேன். பழக்கம், வேறொன்றுமில்லை. மாப்பிள்ளை தனியாக எடுத்திருப்பார். அவருடைய சீட்டின் நகலையும் அனுப்பி வை, இரண்டும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

பிப்ரவரியில் ஏன் போகிறாய் என்பதும் எனக்குப் புரியவில்லை. வடகரையில் குளிர்காலத்தில்தான் அலையும் பெரிது, மழையும் அதிகம். மே முதல் செப்டம்பர் வரை என்றால் பாதையும் கொஞ்சம் காய்ந்திருக்கும். நீ எடுத்திருப்பது 8ஆம் தேதியிலிருந்து 11 வரை. நடுவில் என்ன நாள் வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா வழக்கம்போல் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

கவாய் என்றதும் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது அங்கே 'இறைவன்' என்ற பெயரில் இருக்கிற சிவன் கோயில் ஒன்றுதான். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடரான சிவாய சுப்ரமுனியசுவாமி என்ற அமெரிக்கர் 1970இல் தொடங்கிய ஆதீனம் அது. பெங்களூரு பக்கத்தில் சிற்பிகள் கையால் செதுக்கிய கருங்கல்லைக் கப்பலில் கொண்டுபோய்க் கட்டி, 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் செய்தார்கள். நீ இறங்குகிற லிஹுவே விமான நிலையத்திலிருந்து தூரமில்லை. எப்போதும் திறந்திருக்காது, விசாரித்துக்கொண்டு போ. இரண்டு பேர் பேருக்கும் அர்ச்சனை செய்யச் சொல்கிறாள். உனக்கு ரோகிணி, அவருக்கு அனுஷம். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். செய்வதும் விடுவதும் உன் இஷ்டம்.

நடக்கத்தான் வேண்டும் என்றால் அந்தத் தீவில் வேறு இடமா இல்லை? வைமியா பள்ளத்தாக்கு இருக்கிறது, 900 மீட்டர் ஆழம். பக்கத்தில் கோக்கே பூங்காவில் எத்தனையோ பாதைகள். அங்கேயே 4,000 அடி உயரத்தில் நின்று கலலாவ் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கலாம், அதுவரை கார் போகும். காலையிலேயே போய்விடு, அப்புறம் மேகம் மூடிக்கொள்ளும். வைலுவா ஆற்றில் துடுப்புப் படகு வாடகைக்குத் தருகிறார்கள், பெரும்பாலும் இருவர் உட்காரும் படகு. நீ சிரிப்பாய் என்று தெரியும். காரில் போய்ப் பார்க்கிற பள்ளத்தாக்குக்கா மூன்று மாதமாக ஓடிப் பழகினேன் என்பாய். ஓடுவதை நிறுத்தாதே. உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயே, அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

பாதையில் செல்போன் எடுக்காது. சாட்டிலைட்டில் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கட்டாயம் வாங்கிக்கொள். சாயங்காலம் கூடாரம் போட்டதும் "சரி" என்று ஒரு சொல் அனுப்பினால் போதும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மேல் செய்தி வரவில்லை என்றால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடு. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள என் நம்பரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னாய். இவ்வளவு தூரத்தில், நேரமும் தலைகீழாக இருக்கிற ஒரு கிழவனின் நம்பரை ஏன் கொடுத்தாள் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

தனியாகப் போகாதே. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபப்படாதே. மாப்பிள்ளை வருவதாக இருந்தால் இந்தக் கடிதத்தில் பாதியைக் கிழித்துப் போட்டுவிடு.

இல்லையென்றால், என் விசா 2029 வரை இருக்கிறது. லிஹுவேயில் அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன். பாதை தொடங்குகிற கேயே கடற்கரை வரை உன்னோடு வருகிறேன். வெளியூர்க்காரர்கள் அந்தப் பூங்காவுக்குள் போக முன்பதிவு வேண்டும், 30 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறார்கள், அதை நானே பார்த்துச் செய்துகொள்வேன். அதற்கு மேல் ஓர் அடி நடக்க மாட்டேன், எதுவும் கேட்கவும் மாட்டேன். நீ திரும்பி வருகிற அன்று அதே இடத்தில் நிற்பேன். அம்மாவால் அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது, நான் மட்டும்தான். புதன்கிழமைக்குள் சொல். டிக்கெட் விலை தினமும் ஏறிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
அப்பா