ஹிரோஷிமாவுக்கு அரை நாளாவது கொடுங்கள்

ஜப்பானுக்குத் தமிழ்நாட்டிலிருந்து குழுப் பயணம் நடத்துபவர்களுக்கு,

வணக்கம். போன வருடம் என் அம்மா உங்களில் ஒருவருடைய குழுவில் ஜப்பான் போய் வந்தார். நேரத்துக்குச் சாப்பாடு, நல்ல தங்குமிடம், வயதானவர்களைக் கைபிடித்து ரயிலில் ஏற்றிவிட ஆள் என்று எல்லாம் இருந்ததாம். அதற்கு நன்றி. ஆனால் ஹிரோஷிமாவைப் பற்றிக் கேட்டபோது அம்மா இவ்வளவுதான் சொன்னார்: "ஒரு குழந்தையோட மூணு சக்கர சைக்கிள் இருந்துச்சுடா, துரு ஏறிப்போய். என்னன்னு படிக்கிறதுக்குள்ள பஸ்ஸுக்குக் கூப்பிட்டுட்டாங்க." பயணத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அமைதி நினைவு அருங்காட்சியகம், 45 நிமிடம் என்று போட்டிருந்தது.

இந்த ஏப்ரலில் வேலை விஷயமாக ஒசாக்கா போன நான், கடைசியில் ஒரு நாள் மிச்சம் பிடித்துத் தனியாக ஹிரோஷிமா போனேன். முந்தின இரவே போய்த் தங்கிவிட்டேன். அருங்காட்சியகம் காலை 7:30க்கே திறக்கிறது. முதல் ஒரு மணி நேரம் இணையத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 200 யென். அந்த நேரத்தில் உள்ளே கூட்டம் குறைவு. பத்து மணிக்கு மேல் நிலைமையே வேறு, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் நான்கைந்து வரிசை ஆட்கள். உங்கள் பேருந்துகள் வருவது அப்போதுதான்.

முதலில் ஒரு நகரத்தின் மாதிரி வருகிறது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15க்கு, தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்ததும் அந்த நகரம் என்ன ஆனது என்று அதன் மேல் ஒளிக்காட்சியாக ஓடுகிறது. அந்த வருடம் முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்துபோனார்கள். இந்த எண் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். ஆனால் அடுத்த கட்டடத்தின் இருட்டுக்குள் நுழைந்த பிறகு அந்த எண் நினைவுக்கே வரவில்லை. கண்ணில் பட்டது ஒரு டிபன் பாக்ஸ். ஷிகேரு ஒரிமென் என்ற பள்ளி மாணவனுடையது. உள்ளே இருந்த சோறு கரியாகி அப்படியே இருக்கிறது. அதை வைத்துத்தான் அவன் அம்மா மகனின் உடலை அடையாளம் கண்டுபிடித்தார். பக்கத்தில் நின்றிருந்த ஜப்பானியப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

அப்புறம் அந்த சைக்கிள். ஷினிச்சி டெட்சுடானி என்ற பையனுடையது. அன்று அவனுக்கு மூன்று வயது பதினொரு மாதம். வீட்டுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது, அன்று இரவே இறந்துவிட்டான். இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தூரத்தில் ஒரு கல்லறையில் தனியாக எப்படி விடுவது என்று அவன் அப்பா வீட்டுக் கொல்லையிலேயே புதைத்தார், சைக்கிளோடு சேர்த்து. நாற்பது வருடம் கழித்து, 1985இல், எலும்புகளைத் தோண்டி எடுத்துக் குடும்பக் கல்லறைக்கு மாற்றினார். சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

இதைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். படித்துவிட்டு அங்கிருந்து நகரத்தான் எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கே யாரையும் அவசரப்படுத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அன்று எனக்குப் பின்னால் தமிழில் ஒரு குரல் கேட்டது: "சீக்கிரம் வாங்க சார், மியாஜிமா படகுக்கு நேரமாச்சு, சாப்பாடு வேற சொல்லி வச்சிருக்கு." மியாஜிமா பக்கத்தில் இருக்கும் ஒரு தீவு. கூப்பிட்ட வழிகாட்டி மேல் எனக்குக் கோபமில்லை. நாற்பது பேரை மேய்ப்பது லேசான வேலையா? திட்டம் போட்டவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இருட்டான பகுதி முடிந்ததும் நீளமான ஒரு நடை வருகிறது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உட்கார இடமும் இருக்கிறது. 1955இல் திறந்த இந்த வளாகத்தை வடிவமைத்தவர் கென்ஸோ டாங்கே. அங்கே உட்கார்ந்து பார்த்தால் கீழே நினைவுச் சின்னமும், அதற்கு நேர் பின்னால் ஆற்றுக்கு அக்கரையில் குண்டுவெடிப்பில் இடிந்து நிற்கும் குவிமாடக் கட்டடமும் ஒரே கோட்டில் தெரியும். நான் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். குழுவாக வந்தவர்கள் பலர் அந்த நடையை வெளியேறும் வழியாக மட்டுமே கடந்து போனார்கள்.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஹிரோஷிமாவையும் மியாஜிமாவையும் ஒரே பகலில் திணிக்காதீர்கள். முந்தின இரவே அழைத்துப்போய்த் தங்க வையுங்கள், காலை முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். உள்ளே குழுவாக நடத்தாமல் அவரவர் போக்கில் விட்டுவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வெளியே சந்தியுங்கள். முந்தின நாள் பேருந்திலேயே அந்த டிபன் பாக்ஸ், சைக்கிள் இவற்றின் கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். என் அம்மாவைப் போல ஆங்கிலம் மெதுவாகப் படிப்பவர்களுக்கு அது பெரிய உதவி. முடிந்தால், உயிர் பிழைத்தவர்களின் அனுபவத்தை அவர்களிடமே கேட்டுப் பயின்றவர்கள் அங்கே பேசுகிறார்கள், ஆங்கிலத்திலும் உண்டு, அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இதற்காக ஒரு நாள் வாடகை கூடினால் கேளுங்கள், கொடுப்போம்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து ஷினிச்சியின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாலு வயசுகூட ஆகலையா?" என்று மட்டும் கேட்டார். மறுபடி ஒரு தடவை போகலாமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்களோடுதான் வருவார். முட்டி வலி இருப்பதால் மெதுவாகத்தான் நடப்பார்.