இரண்டு சீட் வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. அம்மா ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். அதைச் சொல்ல இதை எழுதவில்லை. நீ கார் பார்க்கிறாய் என்று தம்பி சொன்னான். பழைய போர்ஷே பாக்ஸ்டர், துணிக்கூரை, டீலரிடம் நிற்கிறது, அடுத்த வாரம் போய் விலை பேசப் போகிறாய் என்றான். இரண்டு சீட் வண்டி. சரி. உனக்குப் பிடித்திருந்தால் சரிதான்.

கடைக்குப் போவதற்கு முன்னாலேயே பாதி பேரம் முடிந்திருக்க வேண்டும். அதே வருஷம், அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் ஓடின வண்டிகளாகப் பத்து விளம்பரமாவது எடுத்துத் தேதி போட்டு எழுதி வை. வாரம் ஒரு தரம் திரும்பப் பார். எது விலை இறங்குகிறது, எது காணாமல் போகிறது என்று பார்த்தால்தான் உண்மையில் என்ன விலைக்குப் போகிறது என்று பிடிபடும். கேட்கிற விலை வேறு, விற்கிற விலை வேறு. நீ பார்க்கிற வண்டி அங்கே எத்தனை நாளாக நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். பல டீலர்கள் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் தாண்டினால் அவர்களுக்கே அது பாரம். கூரை திறக்கிற வண்டிக்கு வெயில் நாளில் ஆள் வருவார்கள். குளிரிலும் மழையிலும் போனால் நீ ஒருத்திதான் நிற்பாய்.

மாடல் வருஷம் என்னவென்று தம்பிக்குத் தெரியவில்லை. இந்த வண்டியில் வருஷம்தான் விலை. என்ஜினுக்குள் கேம்ஷாஃப்டைச் சுற்ற வைக்கிற இடைத்தண்டு ஒன்று உண்டு, அதைத் தாங்குகிற பேரிங்தான் இதன் பலவீனம். 2009 மாடலிலிருந்து வந்த என்ஜினில் அந்த இடைத்தண்டு பேரிங் கிடையாது. அதற்கு முந்தின எல்லாவற்றிலும் உண்டு. 2000 முதல் 2005 வரை வந்த ஒற்றை வரிசை பேரிங்தான் அதிகம் போயிருக்கிறது. போனால் வால்வு திறந்து மூடுகிற டைமிங் தவறி, என்ஜினே போய்விடும். அந்த வருஷ வண்டியானால் பேரிங் மாற்றின பில் இருக்கிறதா என்று கேள். ‘மாற்றியாச்சு’ என்ற வாய்வார்த்தை வேண்டாம். பில்லில் தேதி, கிலோமீட்டர், எந்த பேரிங் போட்டார்கள் என்று மூன்றும் இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் ஆயில் பில்டரைக் கழற்றி வெட்டி, மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல். இரும்புத்தூள் மினுமினுத்தால் விலை பேச ஒன்றும் இல்லை. எழுந்து வந்துவிடு.

பார்க்கப் போகும்போது சொல்லிக்கொண்டு போகாதே. போனதும் பின்னால் சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார். இந்த வண்டியில் என்ஜின் சீட்டுக்குப் பின்னால் நடுவில் இருக்கிறது, மூடியைத் திறந்து தொட முடியாது, ஞாபகம் இருக்கட்டும். சூடாக இருந்தால் முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் அது உண்மை பேசும். படுத்த சிலிண்டர் என்ஜின் என்பதால் முதல் நொடியில் கொஞ்சம் புகை வந்து நின்றால் பயப்படாதே. நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை இனிப்பு வாசனையோடு நீடித்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது.

கிளட்சுக்கு, நாலாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்து. முள் குதித்து மேலே போய் வேகம் பின்னாலேயே வரவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலியே பெரிசு. முன்னால் இடமும் வலமும் இருக்கிற காற்று வாயில் டார்ச் அடித்துப் பார். சருகு அடைந்து ஈரம் தங்கி, உள்ளே ஏ.சி. கண்டென்சரும் ரேடியேட்டரும் அரித்திருக்கும். கூரைத் தண்ணீர் வடிகிற துளை அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டை அழுத்திப் பார். பழைய மாடலில் கண்ட்ரோல் யூனிட் ஒன்று அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கை ஈரமானால் அது விலையில் இறங்க வேண்டிய இடம்.

டயரைச் சுற்றி எழுதியிருக்கிற எழுத்துகளில் கடைசி நாலு எண்ணைப் பார். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. இந்தக் கம்பெனி ஒப்புதல் கொடுத்த டயரில் ‘என்’ என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். நாலிலும் ஒரே மாதிரி இருக்கிறதா பார். உள்விளிம்பைக் கையால் தடவு. வெளியிலிருந்து புதுசாகத் தெரிகிற டயர் உள்பக்கம் நூல் தெரியத் தேய்ந்திருக்கும். வீல் கொஞ்சம் உள்சாய்வாக நிற்கிற வண்டிகளில் இது சகஜம். பின்டயர் இரண்டும் முன்டயரை விட அகலம் என்பதால் விலையும் கூட.

பெயிண்ட் தடிமன் பார்க்கிற மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொள். கம்பெனி பெயிண்ட் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். 300 தாண்டினால் திரும்ப அடித்தது, 1,000 தாண்டினால் அடியில் புட்டி. பம்பரில் பார்க்காதே, அது பிளாஸ்டிக்.

தனியாகத் தொழில் பண்ணுகிற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டாமல் ஒரு காசும் கொடுக்காதே. டீலர் காட்டுகிற ஆள் வேண்டாம், இந்த வண்டி பழகின ஆளாக நீயே தேடு. கம்ப்யூட்டரில் இரண்டு விஷயம் எடுத்துத் தரச் சொல். ஒன்று, என்ஜின் தன் வரம்புக்கு மேல் எத்தனை தடவை சுற்றியது, எத்தனையாவது மணியில். எவ்வளவு மீறியது என்பதைக் கம்ப்யூட்டர் படிபடியாகப் பிரித்து வைத்திருக்கும். முதல் படியில் எண் இருந்தால், என்ஜின் வரம்பைத் தாண்டாமல் தடுக்கிற லிமிட்டரைத் தொட்டிருக்கிறான், அவ்வளவுதான். மேல்படிகளில் இருந்தால் கியரைத் தப்பாகக் கீழே போட்டிருக்கிறான். அதை லிமிட்டராலும் தடுக்க முடியாது. இரண்டாவது, என்ஜின் மொத்தம் ஓடின மணி. கிலோமீட்டரை மணியால் வகுத்துப் பார். 60,000 கிலோமீட்டருக்கு 1,300 மணி என்றால் சராசரி 46, நம்பலாம். அதே 60,000-க்கு 2,800 மணி என்றால் சராசரி 21. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று அங்கே யோசிக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்று சந்தோஷப்படாதே. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓ.பி.டி. கருவியில் சோதனைகள் ‘தயாரில்லை’ என்று காட்டினால் யாரோ சமீபத்தில்தான் கோளாறுகளை அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் கார்புரேட்டரைப் பிரித்து, ஒரு ஸ்க்ரூ மிஞ்சாமல் திரும்ப மாட்டினவள் நீ. வண்டி பார்க்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் பயம் அதற்கப்புறம் அந்த அறைக்குள் போய் உட்காருகிறாயே, அதில்தான். எதிரில் இருக்கிறவன் முகம் வாடினால் உனக்குப் பொறுக்காது.

எண்களை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போ. கேட்கிற விலை 100 என்று வை. அதே மாதிரி வண்டிகள் உண்மையில் 94-க்குப் போகின்றன. டயர் 3, பிரேக் டிஸ்க்கும் பேடும் 2, கிளட்ச் 4. மெக்கானிக் எழுதிக் கொடுத்த கணக்கு மொத்தம் 9. 94-இல் 9 போனால் 85. அது நீ சொல்லும் முதல் எண். அவர் ‘பழைய வண்டிக்குப் புது டயர் விலையைக் கழித்தால் எப்படி?’ என்பார். அதில் நியாயம் இருக்கிறது, பாதியை விட்டுக்கொடு. 89½. அதுதான் உன் கடைசி எண். அதைத் தனித்தாளில் எழுதிப் பைக்குள் வை. அங்கே உட்கார்ந்துகொண்டு மாற்றாதே.

85 என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கின் தாளை மேஜை மேல் அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பேசாமல் இரு. அந்த மௌனம் சங்கடமாக இருக்கும். நீ வாய் திறந்து ‘இல்லை, கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்’ என்று ஆரம்பித்தால் உனக்கெதிராக நீயே பேரம் பேசுகிறாய். சேல்ஸ்மேன் மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போவார், அரை மணி வர மாட்டார். புத்தகம் ஒன்று எடுத்துக்கொண்டு போ. ‘அதெல்லாம் நாங்களே மாற்றித் தருகிறோம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதே. மலிவான டயரைப் போட்டு அனுப்புவார்கள். விலையில் குறைக்கச் சொல், இல்லையென்றால் எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று எழுதி வாங்கு. வெளிச்சந்தை சைலன்ஸர், தாழ்த்தின ஸ்பிரிங் இருந்தால் அவர்கள் விலையைக் கூட்டுவார்கள். நீ குறை. கழற்றின ஒரிஜினல் பாகங்கள் எங்கே என்று கேள்.

மாதத் தவணை எவ்வளவு முடியும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லவே சொல்லாதே. எல்லாம் சேர்த்துச் சாவி கைக்கு வர மொத்தம் எவ்வளவு, அது ஒன்றைத்தான் பேச வேண்டும். பழைய காரைக் கொடுப்பதாக இருந்தால் இந்த விலை முடிந்தபிறகு தனியாகப் பேசு. ஓட்டிப் பார்க்கிறோம் என்று உன் சாவியை வாங்கி வைத்துக்கொள்ள விடாதே. சாவி அவர்களிடம் இருந்தால் நீ எழுந்து வர முடியாது.

100 கடன், வருஷத்துக்கு 12 சதவீதம், குறைகிற அசலில். 36 மாதத்தில் கட்டினால் தவணை 3.32, மொத்தம் 119.6. 60 மாதம் என்றால் தவணை 2.22, மொத்தம் 133.5. 84 மாதத்துக்கு இழுத்தால் தவணை 1.77-க்கு இறங்கும், கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும், மொத்தம் 148.3 கட்டுவாய். ‘ஏழு சதவீதம்தான்’ என்று பிளாட் வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கின முழுக்கடனுக்கும் போடுகிற வட்டி, சொன்னால் ஏமாறாதே. ஐந்து வருஷத்துக்கு அது உண்மையில் பன்னிரண்டரை. இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று முதலிலேயே விசாரித்துக்கொள். வண்டி விலையில் பத்திலொரு பங்கு முதல் வருஷ ரிப்பேருக்குத் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வண்டி வேண்டாம். கையெழுத்துக்கு முன்னால் பெயிண்ட் கோட்டிங், கூடுதல் வாரண்டி, பேப்பர் செலவு என்று ஒவ்வொன்றாக நுழைப்பார்கள். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படி.

வண்டி யார் பேரில் எடுக்கிறாய்? கடனில் கையெழுத்து நீ மட்டுமா, இரண்டு பேரா? இரண்டு பேர் என்றால் நாளைக்கு ஒருவர் கட்டவில்லையென்றாலும் முழுக்கடனும் மற்றவர் தலையில். வங்கிக்கு வேறெதுவும் கணக்கில்லை. உன் பேரில் மட்டும் எடுக்க முடிகிற அளவுக்கு எடு. மாப்பிள்ளை கூட வருகிறாரா? வராவிட்டால் தம்பியைக் கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போகாதே என்று சொல்ல வந்தேன், தனியாகவும் போகலாம்.

‘இவ்வளவு நேரம் பேசியாச்சு, இனிமேல் எப்படி?’ என்று அவர்கள் சொல்வார்கள். அதை எழுதும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. அன்றைக்குக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நீ எழுந்திருக்கப் பார்த்தாய். நான் உன் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு’ என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. உனக்கு எழுந்து வரத் தெரியவில்லை என்று இவ்வளவு பக்கம் எழுதுகிறேன், உட்காரப் பழக்கினது நான்தான். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். அந்த நாலு பேரில் ஒருவரையும் அதற்கப்புறம் நான் பார்க்கக்கூட இல்லை. தப்பு என்னுடையது, பாப்பா.

அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் எழுந்து வரலாம். சோதனையில் குறை தெரிந்தால் திருப்பித் தருவோம் என்று முதலிலேயே எழுதி வாங்கு. எழுதித் தராவிட்டால் கொடுக்காதே. கொடுத்துவிட்டு எழுதி வாங்காமல் போயிருந்தாலும் பரவாயில்லை, போகட்டும், எழுந்து வா.

உன் அறையில் போட்டு வைத்திருந்த ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிகளைப் போன வாரம் எடுத்துவிட்டேன். ஏன் என்று அம்மா கேட்டாள். தூசி தட்ட என்றேன். கட்டில் காலியாகத்தான் இருக்கிறது.

நாலு டயரின் எண்ணையும், உள்விளிம்பையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பில்டரை வெட்டினால் அதையும். எந்த நேரமானாலும் அனுப்பு, நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா