அரை மணி நேரத் தண்ணீர்

மஸ்கட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். ஆச்சிக்குக் கால் வீக்கம் வடிந்ததா? அம்மா போனில் எதையும் முழுசாகச் சொல்வதில்லை, நீங்களாவது எழுதுங்கள். பிசான நடவு முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிற ஒரு விஷயம் மனதில் கிடக்கிறது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

இங்கே தேசிய தின லீவோடு வார லீவும் சேர்ந்து வந்தது. உங்கள் மாப்பிள்ளை வண்டியை எடுத்தார், நிஸ்வா என்ற ஊர்ப் பக்கம் போய் வந்தோம். வழி நெடுக மலைதான், ஆனால் ஒரு புல் கிடையாது. புளியரை மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதை மலை என்று ஏற்றுக்கொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. பச்சை தெரிந்தால் அங்கே ஊர் இருக்கிறது என்று அர்த்தம். பேரீச்சந்தோப்பு, மண்வீடுகள், ஒரு பள்ளிவாசல், அவ்வளவுதான். அப்புறம் மறுபடியும் கல்.

செங்கோட்டை, கோட்டைவாசல் என்று பேரில்தான் நமக்குக் கோட்டை. நிமிர்ந்து பார்க்க அந்தத் திருவிதாங்கூர் சங்கு போட்ட வளைவுதான் உண்டு. நிஸ்வாவில் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிட்டது. 1650-ல் போர்த்துகீசியரை மஸ்கட்டிலிருந்து விரட்டினாரே, அந்த இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டிய கோட்டை. கட்டி முடிக்க 12 வருஷம் ஆயிற்றாம். பெரிய வட்டக் கோபுரம், அதன் கீழ்ப்பாதி முழுக்க மண்ணும் கல்லும் போட்டுக் கெட்டித்திருக்கிறார்கள். மேலே பீரங்கி வெடிக்கும்போது அதிர்ச்சியை அந்த மண் வாங்கிக்கொள்ளும். மேலே ஏறுகிற படி திரும்பித் திரும்பிப் போகிறது, வழியில் கதவுக்கு மேல் கதவு. கதவின் தலைக்கு மேலே ஒரு துவாரம், அது வழியாக எதிரியின் தலையில் கொதிக்கிற பேரீச்சம்பாகை ஊற்றுவார்களாம்! அந்தப் பாகு வடிக்கிற அறையும் உண்டு. பேரீச்சை மூட்டைகளைக் கூரை வரை அடுக்கிவிடுவார்கள். மூட்டையின் பாரமே பழத்தைப் பிழியும். தரையில் வெட்டிய சின்னச் சின்ன வாய்க்கால் வழியாகப் பாகு வடிந்து ஜாடியில் சேரும். அம்மா இதைப் பார்த்திருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள்.

மறுநாள் பஹ்லா. அது சுடாத செங்கலும் மண்ணும் வைத்துக் கட்டின கோட்டை. 1987-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள், அடுத்த வருஷமே அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று தனிப் பட்டியலில் போட்டார்கள். செப்பனிட்டு, 2004-ல்தான் அதிலிருந்து எடுத்தார்கள். மழை பெய்தால் கரைகிற சுவரைத் தலைமுறை தலைமுறையாகப் பூசிப் பூசி நிற்கவைத்திருக்கிறார்கள். தாத்தா கட்டின மாட்டுத்தொழு ஞாபகம் வந்தது.

நான் எழுத வந்தது திரும்பி வரும்போது பார்த்ததைப் பற்றி.

பிர்கத் அல் மவ்ஸ் என்று ஒரு ஊர். 'வாழைக் குளம்' என்று அர்த்தமாம். பேரைக் கேட்டதுமே இறங்கிவிட்டேன். அங்கே ஓடுகிற வாய்க்காலை ஃபலஜ் என்கிறார்கள். மலையடியில் எங்கேயோ இருக்கிற ஊற்றுத் தண்ணீரைப் பூமிக்கு அடியில் சுரங்கம் வெட்டி, வாட்டம் பார்த்து ஊருக்குள் கொண்டுவருகிறார்கள். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. நாடு முழுக்க இப்படிச் சுமார் 3,000 வாய்க்கால் இன்றும் ஓடுகிறதாம். அதில் ஐந்தை 2006-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள், இந்த ஊர் வாய்க்காலும் அதில் ஒன்று. முதலில் குடிக்க, அப்புறம் பள்ளிவாசலுக்கும் குளிக்கவும், அப்புறம்தான் தோப்புக்கு. தண்ணீர் குறைந்தால் சில்லறைப் பயிரை நிறுத்துவார்களே தவிர பேரீச்சையைக் காயவிட மாட்டார்கள். ஃபலஜ் என்ற சொல்லுக்கே பங்கு பிரிப்பது என்றுதான் பொருளாம்.

பக்கத்து மளிகைக் கடைக்காரர் புனலூர்க்காரர். செங்கோட்டை என்று சொன்னதும் டீக்குக் காசு வாங்கவில்லை. அவர்தான் கூடவந்து அரபியை மலையாளத்தில் சொன்னார். தோப்பில் ஒரு பெரியவர், உங்கள் வயது இருக்கும், வெள்ளை அங்கியை முழங்கால் வரை தூக்கிக் கட்டிக்கொண்டு வாய்க்காலோரம் உட்கார்ந்திருந்தார். இங்கே தண்ணீரை 'அதர்' கணக்கில் பங்கு வைக்கிறார்கள். ஒரு அதர் என்றால் ஏறக்குறைய அரை மணி நேரம். நிலத்தைப் போலவே அதையும் விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். முன்பெல்லாம் பகலில் நட்டுவைத்த கம்பின் நிழலைப் பார்த்தும், ராத்திரியில் நட்சத்திரத்தைப் பார்த்தும் முறை மாற்றுவார்களாம். இப்போது வாட்ச். நீர்பாய்ச்சி மாதிரி ஒருவர் உண்டு, அரீஃப் என்று பெயர். அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாதாம்.

பெரியவருக்கு அவர் அப்பா வழியில் வந்தது ஒரே ஒரு அதர். அதிலும் பாதி அவருடைய அண்ணனுக்கு.

நேரம் ஆனதும் எழுந்தார். பழந்துணி சுற்றின ஒரு கல்லை எடுத்து வாய்க்காலின் வாயில் வைத்தார். தண்ணீர் ஒரு நொடி நின்று, சுழித்து, இவர் பாத்தி பக்கம் திரும்பியது. கல்லைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மூலையில் கசிந்தது. பேரீச்சை நாரைக் கிள்ளி அந்த இடுக்கில் திணித்தார். நீங்கள் வாமடையில் சகதி அப்பிவிட்டு, உள்ளங்கையை வைத்து ஒழுக்குப் பார்ப்பீர்களே, அதே மாதிரி. கால் மணி நேரம் கழித்து அண்ணன் வந்தார், இன்னும் தள்ளாதவர். தம்பியே கல்லை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து ஒரே பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்தார்கள்.

நான் அழுதுவிட்டேன் அப்பா. ராத்திரி முறை வரும் நாளில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டார்ச் லைட்டோடு நீங்கள் வரப்பில் உட்கார்ந்திருப்பதும், நான் சுக்குக் காப்பி கொண்டு வருவதும், அடுத்த வயலிலிருந்து பெரியப்பா குரல் கொடுப்பதும் எல்லாம் கண்ணுக்குள் வந்தது. அன்றைக்கு முறை முடிவதற்கு முன்னால் மடையைத் திருப்பியது பெரியப்பாதான், எனக்கும் தெரியும். நீங்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லாமல், கோயில் கொடைக்குக்கூட ஒருவர் வந்தால் மற்றவர் வராமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்குச் சொல்கிற வயது எனக்கு இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். யார் முறை எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அதைக் கிணற்றடி மாடத்தில் வைத்துவிடுங்கள்.

தம்பிக்கு ஒரு சேதி. போன ஆகஸ்டில் இந்த நாட்டின் தெற்கே இருக்கிற சலாலா போயிருந்தோம். நமக்குக் குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கேயும் மலையை நனைக்கிறது, பாலைவனத்துக்கு நடுவே பச்சை! அங்கே கடலோரம் சும்ஹுரம் என்று பழைய சாம்பிராணித் துறைமுகம். அங்கே தோண்டின இத்தாலிக்காரர்களுக்கு 2006-ல் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்று பேர். சுமார் கி.பி. முதல் நூற்றாண்டு எழுத்தாம். அந்தக் கரையில் நின்றபோது கீரனும் வீட்டை நினைத்திருப்பான் என்று தோன்றியது. தம்பியைக் காலேஜில் அவன் சாரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இருபதாம் தேதி எங்கள் பில்டிங்கில் இருக்கிற தென்காசிக்காரர் ஊருக்கு வருகிறார். பேரீச்சம்பாகு இரண்டு பாட்டில் கொடுத்து விடுகிறேன். ஒன்று நம் வீட்டுக்கு, ஒன்று பெரியப்பா வீட்டுக்கு. தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம் அப்பா, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, நிறைய ஊற்றிக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்