மாற்றிப் பாடினால் மதிப்பெண் குறையுமா?

புதுச்சேரி மெல்லிசைப் பாட்டுப் போட்டி விழாக் குழுவினருக்கும் நடுவர் பெருமக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் போட்டியின் இரண்டாம் சுற்றைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நேரத்துக்குத் தொடங்கினீர்கள், ஒலிபெருக்கி இரையவில்லை, வெயிலில் வந்தவர்களுக்கு மோர் கொடுத்தீர்கள். எனக்கு வழக்கெல்லாம் உங்கள் மதிப்பெண் படிவத்தோடுதான். சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு) என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த படிவத்தில் கடைசியாக ‘ஒரிஜினலோடு ஒத்திருத்தல் – 25’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்களே, அதோடு. நூற்றில் கால் பங்கு! பாவத்துக்குக்கூட நீங்கள் அவ்வளவு ஒதுக்கவில்லை.

கடலூர் முதுநகரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கராவோக்கே டிராக் (குரல் நீக்கிய பின்னணி இசைப் பதிவு) வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைபேசியில் சுருதியை மட்டும் வைத்துக்கொண்டு பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடினார். எல்லோருக்கும் பழகிய காபி ராக மெட்டை விட்டுவிட்டு பைரவி ராகத்தில் எடுத்தார். அரங்கில் முதலில் சலசலப்பு, பிறகு அது அடங்கிவிட்டது. ‘உன் கண்ணில் நீர்வழிந்தால்’ என்ற இடத்தில் நம்மில் பலரும் குரலை ஏற்றி உருகுவோம். அவர் இறக்கினார். ‘உதிரம் கொட்டுதடி’ என்பதைக் கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்த அடிக்குப் போனார். நடுவர் ஒருவர் ஒலிவாங்கியை வாங்கி, “நன்றாகப் பாடினீர்கள் அம்மா, ஆனால் ஒரிஜினல் மெட்டு இது இல்லையே” என்றார். ‘ஒத்திருத்தல்’ கட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு விழுந்தது 25-க்கு 5.

ஐயா, எது ஒரிஜினல்?

பாரதி புதுச்சேரியில் வாழ்ந்தது 1908 முதல் 1918 வரை. அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘கண்ணன் பாட்டு’ 1917-ல் வெளிவந்தது. அதன் தலைப்பில் ‘ராகம் பைரவி, தாளம் ரூபகம்’ என்று இருக்கிறது. கீழே ஸ்வர வரிசைகளும் கொடுத்திருக்கிறார். நீங்கள் ‘ஒரிஜினல்’ என்று சொல்லும் மெட்டு, 1951-ல் வந்த ‘மணமகள்’ படத்துக்காக சி. ஆர். சுப்புராமன் அமைத்தது, எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடியது. பாரதி மறைந்து முப்பது ஆண்டுக்குப் பிறகு பிறந்த மெட்டு. ஆக, அன்று மேடையில் மூலத்தைப் பாடியவருக்கு, மூலத்தைப் பாடவில்லை என்று மதிப்பெண் வெட்டினீர்கள். ஈஸ்வரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு இருக்கும் இந்த ஊரில் இது நடந்தது.

அதோடு முடியவில்லை. அந்த ஸ்வர வரிசைகளின் கீழே பாரதி ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்: இவற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு ‘மனோபாவப்படி மாற்றிப் பாடுக.’ பாட்டுக்குச் சொந்தக்காரரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதிச் சீட்டு இது. இதைப் படித்த பிறகும் உங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் எப்படி நிற்கும்?

இதைச் சொல்வதால் நான் பைரவிக் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். என்னைக் கேட்டால், சுப்புராமனின் மெட்டுதான் ஒரு படி மேல். குழந்தை ஓடி வருகிறது, முத்தம் கேட்கிறது, முகம் சிவக்கிறது, அழுகிறது. பாட்டு கண்ணிக்குக் கண்ணி மனநிலை மாறுகிறது. இத்தனைக்கும் ஒரே ராகம் என்றால் பைரவி எவ்வளவு பெரிய ராகமாக இருந்தாலும் கொஞ்சம் கனத்துவிடும். காபியில் தொடங்கி ராகம் ராகமாகத் தாவும்போது அந்தக் குழந்தையின் துறுதுறுப்பு மெட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பின்னால் வந்தவர் முன்னவரை மிஞ்சலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு சுப்புராமனும் உங்கள் படிவத்தின் முன் நின்றிருந்தால் தோற்றுத்தான் போயிருப்பார்.

இதே ஊரில் பிறந்த பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஏட்டில் இருந்த பாட்டுக்கு தேஷ் ராகத்தில் மெட்டுக் கொடுத்தவர் தண்டபாணி தேசிகர். எங்கள் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். அதே 1951-ல் ‘ஓர் இரவு’ படத்தில் அது ஒலித்தது. இன்று மேடையில் அதைப் பாடுகிற பலருக்கும் மெட்டு யாருடையது என்று தெரியாது. தேசிகர் பாடியதற்கும் படத்தில் கேட்பதற்கும் எது உசத்தி என்று டீக்கடையில் ஒரு மாலை முழுக்கச் சண்டை போடலாம். போட வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் வைத்து அந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது.

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். தேவனாம்பட்டினம் மாசிமகம் முதல் கிராமத்துக் கோயில் திருவிழா வரை வாசித்திருக்கிறேன். பதிவில் பத்துப் பதினைந்து வயலின் போடும் இடையிசையை, ஒரு கீபோர்டும் ஒரு புல்லாங்குழலும் வைத்துக்கொண்டு சமாளிப்போம். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் அரைக் கட்டை இறக்குவோம். ஆண் பாடிய பாட்டைப் பெண் பாட வந்தால் கட்டையையே மாற்றி, அதற்கேற்ப இடையிசையின் இடத்தையும் மாற்றுவோம். அப்படி இறக்கியதில் எதிர்பாராமல் பாட்டு அழகாகிப்போன இரவுகள் உண்டு. சொதப்பிப்போன இரவுகளும் உண்டு. கராவோக்கே டிராக்கில் இரண்டுக்குமே வழியில்லை. அது யாருக்காகவும் காத்திருக்காது. பாடுகிறவர் சரணத்தில் ஒரு சங்கதி (அதே அடியைச் சற்று மாற்றிப் பாடுவது) கூடுதலாகப் போட்டால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

வெளிநாட்டுச் சங்கதி வேண்டுமானாலும் சொல்கிறேன். பிரெஞ்சுப் பாடகர் குளோத் பிரான்சுவா 1967-ல் பாடிய ‘கோம் தாபிட்யூத்’ இங்கே பிரெஞ்சு படித்த பெரியவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அன்பு வற்றிப்போன இருவர் வழக்கம்போல் நாளைத் தள்ளுவதைப் பற்றிய பாட்டு. அதே மெட்டுக்கு பால் ஆங்கா ஆங்கிலத்தில் வேறு கதை எழுதினார். வாழ்ந்து முடித்த ஒரு மனிதன் நிமிர்ந்து நின்று திரும்பிப் பார்க்கிறான். பிராங்க் சினாட்ரா பாடி 1969-ல் வெளிவந்த ‘மை வே’ அதுதான். உலகம் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டது. எனக்கென்னவோ முதலாவதன் சலிப்பில்தான் உண்மை அதிகம் என்று படுகிறது, அது கிடக்கட்டும். அமெரிக்கப் பாடகர் ஓடிஸ் ரெட்டிங் 1965-ல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’, உழைத்துக் களைத்து வீட்டுக்கு வரும் ஆண் கேட்கிற மரியாதை. 1967-ல் அரீத்தா பிராங்க்ளின் அதைப் பெண்ணின் கோரிக்கையாகத் திருப்பிப் போட்டார்; அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் இடமே அவர் சேர்த்ததுதான். இன்று அது யாருடைய பாட்டு என்று கேட்டால் யார் பெயரைச் சொல்வார்கள்?

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் கதை இன்னும் பொருத்தம். ‘ஹர்ட்’ 1994-ல் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவுக்காக டிரென்ட் ரெஸ்னர் இருபதுகளின் கடைசியில் எழுதியது. கேஷ் அதைப் பாடி 2002-ல் வெளியானபோது அவருக்கு வயது எழுபது. மறு ஆண்டு இறந்துவிட்டார். வாத்திய இரைச்சலை எடுத்துவிட்டு கிதாரையும் பியானோவையும் மட்டும் முன்னால் வைத்தார்கள். ஒரு வசைச் சொல்லை மாற்றி அவர் ‘முள்முடி’ ஆக்கினார். குரல் அங்கங்கே நடுங்குகிறது. அந்த நடுக்கம்தான் பாட்டு. உங்கள் நடுவர்களிடம் அகப்பட்டிருந்தால் அவருக்கு 25-க்கு எவ்வளவு போட்டிருப்பார்கள்?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஒத்திருத்தல் என்று வைத்தால் அளக்க எளிது, பெற்றோர் சண்டைக்கு வர மாட்டார்கள். பழைய பாட்டில் டிரம்ஸைக் கொட்டி, நடுவில் நாலு வரி கத்திவிட்டு ‘ரீமிக்ஸ்’ என்று பெயர் வைத்த கொடுமைகளை நானும் கேட்டவன்தான். அதற்கெல்லாம் தாராளமாகச் சுழியம் போடுங்கள். மாற்றியதற்காகப் போட வேண்டாம், பாட்டுக்குள் புதிதாக எதையும் பார்க்காமல் மாற்றியதற்காகப் போடுங்கள்.

உங்கள் குழுவில் ஒருவர் என்னிடம் சட்டம் பேசினார். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின்படி, கவர் பாட்டு (பிறர் பாட்டைத் தாம் பாடி) பதிவு செய்கிறவர், அந்தப் பாட்டின் முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்தாண்டு பொறுக்க வேண்டும், ராயல்டி கட்ட வேண்டும், தேவையின்றி மாற்றக் கூடாது என்பது சரிதான். அது ஒலிப்பதிவு செய்து வெளியிடுகிறவர்களுக்கான விதி. உங்கள் மதிப்பெண் படிவத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? போதாததற்கு, அந்தப் பெண் பாடியது எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்ட பாரதியின் பாட்டு.

கேட்பது அதிகமில்லை. இறுதிச் சுற்றுக்கு முன் அந்த 25-ஐ எடுத்து பாவத்தோடு சேர்த்துவிடுங்கள். டிராக் இல்லாமல் சுருதிப் பெட்டியோடோ ஒற்றை வாத்தியத்தோடோ பாட விரும்புகிறவர்களுக்கு இடம் கொடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர், மெட்டமைத்தவர், முதலில் பாடியவர் பெயர்களைத் தொகுப்பாளர் படிக்கட்டும். அரை நிமிடம் ஆகும். முதுநகர்ப் பெண்ணின் மதிப்பெண் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டினால் அவர் எந்த இடத்தில் வருகிறார் என்பதை இறுதிச் சுற்றின் பட்டியல் ஒட்டும் முன் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பழைய கீபோர்டுக்காரர்