கரண்ட் பில்: 500 யூனிட்டுக்குள் நிற்க

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தின் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணமும் போய்விடும். 499-க்கும் 501-க்கும் இருநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம்!

ரீடிங் எடுக்கும் நாளில் மீட்டரை போட்டோ எடுத்து வையுங்கள். திரையில் எண்கள் மாறி மாறி வரும். கேடபிள்யூஹெச் (kWh, அதாவது யூனிட்) என்று காட்டுவதே நமக்கு வேண்டியது. முப்பதாம் நாள் மறுபடி பார்த்து, அதிலிருந்து போட்டோவில் உள்ள எண்ணைக் கழியுங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

பில்லை ஏற்றுவது பெரும்பாலும் ஏசிதான். ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவி, நிழலில் காய்ந்த பிறகே மாட்டவும். ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் அடிக்கும். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாகப் போட்டாலே போதும். சாதாரண ஏசியை 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது, கம்ப்ரசர்தான் நிற்காமல் ஓடும்.

75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ளது) போட்டால், தினம் 10 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சம். ஹாலில் முதலில் மாற்றுங்கள். எப்போதாவது ஓடும் அறைக்கு வேண்டாம், போட்ட காசு திரும்பாது.