பையனைச் சோதித்தது நான்தான்

மாப்ள,

அடுத்த மாதத்தோடு ஆர்பிட்டர் வேலையை, அதாவது செஸ் போட்டி நடுவர் வேலையை, விடுகிறேன். முழங்கால் வலி என்று காரணம் சொல்லியிருக்கிறேன், அதுவும் பொய்யில்லை. உன்னிடம் போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. நம் செஸ் ஆட்கள் நிறையப் பேர் இதைப் படிப்பார்கள். அதனால் எந்த ஊர், எந்த டோர்னமெண்ட், உன் பையன் ஏமாற்றி ஆடுகிறான் என்று யார் புகார் கொடுத்தது என்பதெல்லாம் இதில் வராது. உனக்குத் தெரியும், போதும்.

உனக்குத் தெரியாதது அந்த ரூமுக்குள் நடந்தது மட்டும்தான். பையன் சொல்லியிருக்க மாட்டான்.

பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த சின்ன ரூம். நான் கேட்பதற்கு முன்பே ஷூவைக் கழற்றினான். பேண்ட் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். சட்டைப் பையில் மடித்த காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. "அம்மா குடுத்தது சார்" என்றான். வீட்டில் மாமா என்பவன். ஹாலில் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். திருநீறு என்று பார்த்தாலே தெரிந்தது, ஆனாலும் பிரித்தேன். கொஞ்சம் தரையில் கொட்டிவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. "சார், க்ளாக் ஓடுதா?" என்று மட்டும் கேட்டான்.

ஆட்ட நேரத்தை எண்ணும் க்ளாக்கை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் எதிரில் ஆடியவர் அவ்வளவு நேரமும் போர்டைப் பார்த்து யோசித்துக்கொண்டே இருந்தார். அதை நான் எப்படி நிறுத்த? பையன் கை ஓங்கியிருந்த கேம் அது. திரும்பிப் போனவன் நாலைந்து மூவில் டிராவுக்குச் சம்மதித்துவிட்டான்.

மன்னித்துவிடு. அப்புறம், இதையும் சொல்லிவிடுகிறேன்: உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதி 11.3 ஆடையை, பையை, உடம்பைத் தனியிடத்தில் சோதிக்க ஆர்பிட்டருக்கு அதிகாரம் தருகிறது. புகார் எழுத்தில் வந்தது. 1500 ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான புள்ளி) உள்ள பையன் 2100 ரேட்டிங் ஆட்களை வரிசையாக அடிக்கிறான் என்று எழுதியிருந்தார்கள். அந்த 1500-ஐ நம்ப முடியாது என்று எனக்குத் தெரியாதா? கொரோனா காலத்தில் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் ஆடித் தேறிய பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு ரேட்டிங் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை மொத்தமாக ஏற்றியபோது 1500 என்பது 1700 ஆனது. நம் விஷயம் அதற்கு முந்தைய வருடம் நடந்துவிட்டது.

தெரிந்தும் ஏன் செய்தாய் என்பாய். ஸ்ட்ராஸ்பர்க்கில் 2019-ல் கழிப்பறையில் போனோடு மாட்டியவர் கிராண்ட்மாஸ்டர். டெல்லியில் 2006-ல் தொப்பிக்குள் புளூடூத் வைத்து ஆடியவர் நம் நாட்டுக்காரர். வேறு வீட்டுப் பிள்ளை என்றால் சோதித்திருப்பேன். உன் பிள்ளை என்று விட்டிருந்தால் ஹாலில் ஒருவர் என்னை மதித்திருப்பாரா? ஆனால் சட்டையில் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நண்பனுக்காகப் பேசுகிறான் என்பார்களே என்று நினைத்தேன். இதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

உன்னையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. 2022-ல் செயின்ட் லூயிஸ் செஸ் போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன், இளம் ஆட்டக்காரர் நீமனிடம் தோற்று, மறுநாள் போட்டியை விட்டே போனார். ஆட்டத்தில் நீமனிடம் பதற்றமே தெரியவில்லை என்று பிறகு எழுதினார். உனக்கு அது போதுமாக இருந்தது. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது என்றாய். சின்ன வயதில் ஆன்லைனில் ஏமாற்றியதை நீமனே ஒப்புக்கொண்டார், சரி. ஆனால் அந்த போர்டில் ஏமாற்றியதற்கு ஆதாரம் எங்கே? கடைசியில் ஃபிடே கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் போட்டது, அதுவும் போட்டியிலிருந்து விலகியதற்குத்தான். சந்தேகத்தைக் கிளப்பியதற்கு ஒன்றும் இல்லை.

இதே நீதான் கார் ரேஸ் டிரைவர் அலோன்சோவுக்கு வக்கீலாக நின்றவன். 2008 சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் ரேஸை உன் வீட்டில்தான் பார்த்தோம். அலோன்சோ 12-ஆவது லேப்பில் பெட்ரோல் போட பிட்டுக்குள் போய் வந்தார். 14-ஆவது லேப்பில் அதே டீமின் பிக்கே ஜூனியர் சுவரில் இடித்தார், எல்லாரையும் மெதுவாக ஓட வைக்கும் சேஃப்டி கார் வந்தது. மற்றவர்கள் அதற்குப் பிறகு பிட்டுக்குப் போக, அலோன்சோ முன்னேறினார். 15-ஆவதாகக் கிளம்பியவர் ஜெயித்தார். நீ சோபாவில் ஏறிக் குதித்தாய். டீமிலிருந்து வெளியே அனுப்பிய பிறகு பிக்கே உண்மையைச் சொன்னார், வேண்டுமென்றே இடித்தது என்று. அப்போதும் நீ, "அலோன்சோவுக்குத் தெரியும்னு என்ன ஆதாரம்?" என்றாய். விசாரித்தவர்களுக்கும் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. நல்ல கேள்விதான். பாவம் மாசா, அதே ரேஸில் ஓடிய இன்னொரு டிரைவர், அந்த வருடம் ஒரே புள்ளியில் சாம்பியன் பட்டத்தை விட்டார். அவரைப் பற்றி நீ ஒரு நாளும் பேசியதில்லை.

அன்றைக்கு ஹாலுக்கு வெளியே, அத்தனை பேரண்ட்ஸ் முன்னால், நான் புகார் கொடுத்தவர்களிடம் ஏதோ வாங்கிவிட்டதாகச் சொன்னாயே. அதற்கு என்ன ஆதாரம் வைத்திருந்தாய் மாப்ள? என் பாக்கெட்டைக்கூட யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பையன் இன்னும் வீட்டில் தனியாக போர்டை விரித்து வைத்து ஆடுகிறான் என்று தங்கச்சி சொன்னது. அதைக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அடுத்த ஓபன் டோர்னமெண்டுக்கு எண்ட்ரி 20-ஆம் தேதி வரை. நான் அங்கே இருக்க மாட்டேன். அன்றைக்கு அவனுக்கு எதிரில் ஆடியவர் பெயர் லிஸ்டில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு.