சார்ல்ஸ் சிமியோனை விட்டுவிட்டு எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுந்த சமய எழுப்புதல் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஜான் வெஸ்லியின் திறந்தவெளிப் பிரசங்கங்களையும் அவரைப் பின்பற்றிய மெதடிஸ்டுகள் தனிச் சபையாகப் பிரிந்த கதையையும் நன்றாகவே விளக்கிய கட்டுரையாளர், சுவிசேஷப் பற்றுள்ளவர்கள் எல்லோருமே இங்கிலாந்து திருச்சபையை விட்டு வெளியேறிவிட்டார்கள் என்ற தொனியில் முடித்திருக்கிறார். வெளியேறாமல் உள்ளேயே இருந்து பணியாற்றியவர்களும் பலர் உண்டு. அவர்களில் முதன்மையானவரான சார்ல்ஸ் சிமியோனின் பெயர் ஓரிடத்திலும் வராததால் இதை எழுதுகிறேன்.

ரெடிங் நகரில் 1759இல் பிறந்த சிமியோன், 1779இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது, உடையிலும் குதிரைகளிலும் நாட்டம் கொண்ட இளைஞர். சில வாரங்களில் திருவிருந்தில் (கிறிஸ்துவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் பெறும் சடங்கில்) கட்டாயம் பங்குபெற வேண்டும் என்று கல்லூரி அறிவித்ததும், தகுதியில்லாமல் அதற்குப் போவதா என்று நடுங்கிப்போய்ச் சமய நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். யூதர்கள் பலியிடும் பிராணியின் தலைமீது தங்கள் பாவத்தைச் சுமத்திய வழக்கத்தை அவற்றுள் ஒன்றில் கண்டபோது, தம் பாவச் சுமையையும் அவ்வாறே கிறிஸ்துவின்மேல் இறக்கி வைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அவ்வாண்டு ஈஸ்டர் நாளில் அவருக்குக் கிடைத்த நிம்மதி, பின்னர் வந்த சோதனைகளில் குலையவில்லை.

அந்தச் சோதனைகளும் சாதாரணமானவை அல்ல. 1782இல், இருபத்து மூன்று வயதில், கேம்பிரிட்ஜ் பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் குருவாகப் பேராயர் அவரை நியமித்தார். அங்கிருந்த உதவிக் குருவையே விரும்பிய சபையார், கதவு வைத்த தங்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டு ஆராதனைக்கு வராமல் இருந்துவிட்டார்கள். வந்தவர்கள் நடைபாதையில் நின்றுகொண்டுதான் பிரசங்கம் கேட்க வேண்டியிருந்தது. சிமியோன் சொந்தச் செலவில் பெஞ்சுகள் செய்து போட்டார். ஆலய நிர்வாகிகள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். ஞாயிறு பிற்பகல் பிரசங்கப் பொறுப்பைச் சபையாரே வேறு இருவருக்கு ஒருவர்பின் ஒருவராகக் கொடுத்து, பன்னிரண்டு ஆண்டுகள் அவரை விலக்கி வைத்தார்கள். பூட்டுகளை உடைக்கச் சட்டத்தில் வழி இருந்திருக்கலாம். அவர் அந்த வழிக்கே போகவில்லை. 1836 நவம்பரில் இறக்கும்வரை 54 ஆண்டுகள் அதே ஆலயத்தின் குருவாகவே இருந்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய செல்வாக்கு பிரசங்க பீடத்தில் மட்டும் வளர்ந்ததன்று. வெள்ளிக்கிழமை மாலைகளில் கல்லூரியில் உள்ள தம் அறைகளில் மாணவர்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வார். பிரசங்கம் தயாரிக்கும் முறையை அந்நாளில் பல்கலைக்கழகம் கற்றுத் தராததால், அதற்கெனத் தனி வகுப்பும் நடத்தினார். அவரது 2,536 பிரசங்கக் குறிப்புகள் 21 தொகுதிகளாக வெளிவந்தன. சி.எம்.எஸ். எனப்படும் இங்கிலாந்து திருச்சபையின் மிஷனரி சங்கம் 1799இல் உருவாக முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய உதவிக் குருவாக இருந்த ஹென்றி மார்ட்டின் 1805இல் இந்தியாவுக்குக் கப்பலேறி, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்து, 1812இல் துருக்கியின் டோகாட்டில் 31ஆம் வயதில் மறைந்தார். இந்தியாவிலிருந்து வந்த மார்ட்டினின் ஓவியத்தை முதன்முறை கண்டபோது, மெலிந்த அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் சிமியோன் திரும்பிக்கொண்டாராம். பிறகு அதைத் தம் அறைக் கணப்புக்கு மேலே மாட்டிவைத்து, ‘விளையாட்டாக இராதே’ என்று அது தம்மிடம் சொல்வதாக நண்பர்களிடம் கூறுவார்.

குறையில்லாதவர் என்று நான் வாதிடவில்லை. சட்டென்று கோபம் வரும் மனிதர் அவர். நண்பர் வீட்டில் பணியாள் நெருப்பைக் கிளறிய விதம் பிடிக்காமல் ஒருமுறை சீறிவிட, அந்த நண்பர் பணியாள் எழுதியது போலவே ஒரு கண்டனக் கடிதம் எழுதி அவரது பைக்குள் வைத்துவிட்டார். அதை நம்பிய சிமியோன், ‘செருக்கும் சினமும் கொண்ட சார்ல்ஸ்’ என்று கையொப்பமிட்டு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினார்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அந்நாளைய இங்கிலாந்தில் ஒரு சபைக்குக் குருவை நியமிக்கும் உரிமை, நிலம்போல விலைக்கு வாங்கி விற்கக்கூடிய சொத்து. சிமியோன் தம் பணத்தையும் நண்பர்களின் பணத்தையும் கொண்டு பல நகரங்களில் அவ்வுரிமைகளை வாங்கி, சுவிசேஷக் கொள்கையுடைய குருக்களே அங்கு தொடர்ந்து வரும்படி ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். அந்த அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. பணத்தால் பிரசங்க பீடங்களைப் பிடித்தார் என்று சொல்பவர்களுக்கு நான் முழு மறுப்புச் சொல்ல மாட்டேன். அந்த முறை அவர் உருவாக்கியதல்ல என்பதை மட்டும் குறிப்பிடுவேன். திருச்சபையின் மீது அவருக்கிருந்த ஆளுகை எந்தப் பிரதமப் பேராயருடையதையும் விடப் பெரியது என்று வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதியதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருவதாக இருந்தால், பூட்டிக் கிடந்த அந்த இருக்கைகளைப் பற்றி இரண்டு பத்தியாவது எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்